"மனசுல சமாதானம் வந்துருச்சு" என்றால் அது தேவ ஞானமா?

(பதில் சொல்கிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரில் எழுதுகிறார்கள்.)

காரிமங்கலம்:
ஸ்தோத்திரம். "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே" (லூக்கா 17:21) என்பதால், முடிவெடுக்கும்போது உள்ளே தோன்றுகிற எண்ணத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் பிரதர். அப்படியே நம்பக்கூடாது. இயேசு அதைச் சொன்னது, ராஜ்யம் எப்போது வரும் என்று கேட்ட பரிசேயர் என்ற யூத மதக் குழுவினருக்கு. அங்கே 'உள்ளே' என்பதற்கு வரும் 'என்தோஸ்' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மத்தேயு 23:26, பாத்திரத்தின் உட்புறம். அங்கேயும் பேச்சு பரிசேயனிடம்தான்: முதலில் உட்புறத்தைக் கழுவு என்கிறார். கழுவாத பாத்திரத்தில் பாலை ஊற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

போச்சம்பள்ளி:
மேலே சொன்னது சரி. சோதித்துப் பார்க்க யாக்கோபு 3:17 போதும், ஆனால் அதன் வரிசையை மாற்றக்கூடாது. பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும்" என்று இருக்கிறது. நம்மில் பலர் சமாதானத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். தப்பு நடப்பது அங்கேதான்.

நம் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பூ பிடித்திருக்கும் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடலாமா என்று ஜெபம் நடக்கிறது. வியாபாரி அட்வான்ஸைக் கையில் வைத்ததும் மனசு லேசாகிறது, "தேவ சித்தம்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். அது தவணை கட்டப் பணம் கிடைத்த நிம்மதி. யாருக்கும் வரும், அவிசுவாசிக்கும் வரும்.

அதே வசனத்தில் பின்னால் இணக்கம், பட்சபாதமில்லாமை, மாயமில்லாமை என்றும் வருகிறது. அந்த வரிசையில் கேளுங்கள். சுத்தம்: பூவில் தத்துப்பூச்சி விழுந்திருப்பதை வியாபாரியிடம் சொன்னோமா? இது தேறாவிட்டால் அடுத்ததற்குப் போகவே வேண்டாம். இணக்கம்: மூலச் சொல்லுக்கு, எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளும் குணம் என்று பொருள். தம்பி "வேண்டாம் அண்ணா" என்றால் காரணம் கேட்கிறோமா, இல்லை "ஆண்டவர் பேசிட்டார்" என்று வாயை அடைக்கிறோமா? பட்சபாதம்: வியாபாரி இடத்தில் நாம் இருந்தால் இந்த விலை நியாயம் என்போமா? மாயம், அதாவது வெளிவேஷம்: வாங்கின தொகையை மனைவியிடம் முழுசாகச் சொல்ல முடிகிறதா?

எலத்தகிரி:
கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் (1995) லூக்கா 17:21 "உங்கள் நடுவேயே" என்று வருகிறது. 'உங்களுக்குள்', 'உங்கள் நடுவே' என்ற இரண்டுக்கும் கிரேக்கச் சொல் இடம் தருகிறது. ஆகவே தனியாகச் செபித்து, தனியாகவே முடிவெடுத்தால் பாதி வேலைதான். பங்குச் சாமியாரிடமோ, முடிவால் பாதிக்கப்படுகிறவரிடமோ பேசிவிடுங்கள்.

ஓசூர்:
ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு வழி. இருபது நிமிஷம், ஒரு நோட்டு, போன் வேறு அறையில். முதலில் என்ன முடிவு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு நான்கைந்து வசனம் மட்டும், மூன்று முறை வாசியுங்கள், ஒரு முறையாவது வாய்விட்டு. ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். கடைசியில், எது நடந்தால் சந்தோஷம், எது நடந்தால் பயம் என்று எழுதுங்கள். இதை விட்டால் நம் ஆசையும் தேவ ஏவுதலும் ஒன்றாகக் கலந்துவிடும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் வேண்டாம், தூங்கி எழுந்து செய்யுங்கள்.

கேள்வியையும் கவனியுங்கள். "போகட்டுமா வேண்டாமா" என்று மட்டும் கேட்டால் மூன்றாவது வழி கண்ணில் படாது. கிபியோன் என்ற ஊரில் 'என்ன வேண்டும்' என்று தேவன் கேட்டபோது சாலொமோன் ராஜா விடை கேட்கவில்லை, நன்மை தீமையை "வகையறுக்க" (பிரித்தறிய) இருதயம் கேட்டான் (1 இராஜாக்கள் 3:9). எபிரெயத்தில் அது 'கேட்கிற இருதயம்'.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பதும், புது வருஷத்தில் சபையில் எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை வைத்து வீடு வாங்குவதும் வேண்டாம். எரேமியா 29:11 ("சமாதானத்துக்கேதுவான நினைவுகளே") அட்டையில் அடிக்கடி வரும். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று இருப்பதை அட்டையில் யாரும் போடுவதில்லை!

பாலக்கோடு:
எத்தனை நாள் காத்திருக்கணும் என்று கேட்டிருந்தீர்கள் சிஸ்டர். ஒரு பெண் மாவில் புளித்தமாவை அடக்கி வைக்கிற உவமையில் (மத்தேயு 13:33) வரும் மூன்று படி, நம்ம ஊர்ப் படி இல்லை. கிட்டத்தட்ட நாற்பது லிட்டர் மாவு. அவ்வளவும் ஒரே ராத்திரியில் புளிக்கும் என்று உவமை சொல்லவில்லை. சாதாரண முடிவுக்கு மூன்று நாள், கடன், கல்யாணம், நிலம் என்றால் மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். இது வேதத்தில் உள்ள கணக்கு இல்லை, பழக்கத்தில் சரியாக வருவது.

"நாளைக்கே பதில் வேணும்" என்று எதிராளி நெருக்கினால் எல்லாவற்றையும் சோதிக்க நேரம் இருக்காது. போச்சம்பள்ளி அண்ணன் சொன்னதில் சுத்தம், மாயம் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று தேறவில்லை என்றாலும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.