தினமும் ரெண்டு கடல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல. இதை இன்ஸ்டாவுக்கு மாத்தலாமா?

ஐஸ்வண்டி_மண்டபம்:

வணக்கம். மண்டபத்துல ஐஸ் லோடு அடிக்கிற மினி லாரி ஓட்டுறேன். விடியக்காலம் முதல் நடை வடகடல் ஜெட்டிக்கு, அடுத்த நடை தென்கடலுக்கு. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: எங்க ஊரு ஒடுங்கின நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வண்டியில ஏறினா கொஞ்ச நேரத்துல ஒரு கடல்ல இருந்து மறு கடலுக்குப் போயிரலாம். பெரியவங்க வடக்கைப் பெண் கடல்னும் தெற்கை ஆண் கடல்னும் சொல்லுவாங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல தென்கடல் கெடந்து குதிக்கும், வடகடல் அசையாம கெடக்கும். வாடைக்காத்து தொடங்கிட்டா அப்படியே தலைகீழ். ஆண், பெண்ணுன்னு பிரிச்சவங்க வாடைக்காலத்துல வடக்கே போயிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

ஐஸ் இறக்கி முடியுற வரைக்கும் சும்மா நிக்கிறதுக்கு ஒரு படம் எடுப்பேன். வடகடல்ல ஒண்ணு, தென்கடல்ல ஒண்ணு. போகப் போக எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன். நிக்கிற இடம் மாறக்கூடாது. வானம் பாதி, கடல் பாதி. ஃபில்டர் கிடையாது. ஆள் வரக்கூடாது. எழுத்துன்னு பார்த்தா அன்னைக்கு அடிக்கிற காத்தோட பேரு மட்டும்: கச்சான், வாடை, கொண்டல், சோளகம். காத்தில்லாத அன்னைக்கு எழுத்தும் இல்லை. ரெண்டையும் அடுத்தடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுருவேன். மறுநாள் அந்த நேரத்துக்கு அது போயிரும், புதுசு வந்துரும்.

பார்க்கிறது யாருன்னா சொந்தக்காரங்க, படகு ஓனருங்க, ஐஸ் கம்பெனி ஆளுங்க. ஒரு நாள் லேட்டானா போன் வந்துரும், "என்னப்பா, இன்னைக்கு கடல் இல்லையா?"

சித்தி மகள் காலேஜ்ல படிக்குது. "அண்ணே, இதை இன்ஸ்டால போடுங்க, ரீல்ஸாக்கிப் பாட்டு சேர்த்தா எங்கேயோ போயிரும்"னு சொல்லுது. கூட்டாளி ஒருத்தன் "இது கலையும் இல்லை ஒண்ணும் இல்லை, வானிலை அறிக்கை"ங்கிறான். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா தடைக்காலம் வந்துச்சு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, எனக்கும் லோடு கிடையாது. அப்பவும் விடியக்காலம் எந்திரிச்சு பைக்கை எடுத்துக்கிட்டு ரெண்டு ஜெட்டிக்கும் போய் நின்னேன். வேலைக்காக மட்டும் எடுக்கிறவன்னா எதுக்குப் போகணும்?

கேள்வி ரெண்டு. இதுக்குப் பேரு என்ன? இன்ஸ்டாவுக்கு மாத்தணுமா, இங்கேயே அழிய விட்டுரலாமா?

தொண்டிக்காரன்:

தம்பி, வெளிப்படையா சொல்றேன், கோச்சுக்காதீங்க. போனைத் தூக்கி அமுக்கிறதெல்லாம் கலைன்னா தனுஷ்கோடி அரிச்சல்முனையில நிக்கிற கூட்டம் பூராவும் கலைஞர்கள்தான். உழைப்பு வேணும், பயிற்சி வேணும். லைக் வாங்க இன்ஸ்டா போங்க, தப்பில்லை. கலைன்னு மட்டும் பேரு வைக்காதீங்க.

கரித்துண்டு:

தொண்டிக்காரன் அண்ணே, அரிச்சல்முனைக் கூட்டத்துல யாராவது மறுநாளும் அதே கல்லுல நின்னு அதே படத்தை எடுக்கிறாங்களா? ஃபில்டர் கூடாது, ஆள் கூடாதுன்னு சட்டம் போட்டுக்கிறாங்களா? எனக்கு வித்தியாசம் அங்கதான் தெரியுது.

நான் ராமநாதபுரத்துல ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். பிள்ளைங்ககிட்ட அடிக்கடி சொல்றதைத்தான் இங்கேயும் சொல்றேன். வரைஞ்சு முடிச்ச படத்தைப் போட்டோ எடுத்து இன்ஸ்டால போடுறது ஒரு வேலை, அது கடைக்கு முன்னாடி சரக்கை அடுக்கி வைக்கிறது. அந்த ஊடகத்தோட குணத்தையே எடுத்து வேலை செய்யுறது வேற. இவர் செய்யுறது ரெண்டாவது. 24 மணி நேரத்துல அழியுறது, விரலால தட்டினா வடகடல் போய் தென்கடல் வர்றது, பார்க்கிறவங்க எல்லாரும் தெரிஞ்சவங்களா இருக்கிறது, ஒரு நாள் தவறினா போன் வர்றது. இதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் ரெண்டு சாதாரணக் கடல் படம்தான்.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. ஆன் கவாரான்னு ஜப்பானியக் கலைஞர். 1968-ல இருந்து 1979 வரைக்கும் தினமும் ரெண்டு தபால் அட்டை, தெரிஞ்சவங்க ரெண்டு பேருக்கு. அன்னைக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சார்ங்கிறதுதான் அதுல சேதி. அவருக்குத் தபால் ஆபீஸ், உங்களுக்கு வாட்ஸ்அப். இன்ஸ்டாவுலயே வேணும்னா அமாலியா உல்மன். 2014-ல சில மாசம் ஒரு கற்பனைப் பொண்ணோட வாழ்க்கையைத் தன் பக்கத்துல பதிவு பதிவா நடிச்சாங்க. பின்தொடர்ந்தவங்க நிஜம்னே நம்பினாங்க. முடிஞ்ச பிறகுதான் நடிப்புன்னு சொன்னாங்க. 2016-ல லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக் கண்காட்சியில அது இடம்பிடிச்சது.

சரி, இன்ஸ்டா போகணும்னா ரீல்ஸ் வேண்டாம். சாதாரணப் பதிவா, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியா போடுங்க. பக்கத்துல வரிசைக்கு மூணு கட்டம். நீங்க போடுறதோ ரெண்டு வகை, மாத்தி மாத்தி. அதனால தானாவே சதுரங்கப் பலகை மாதிரி விழும்: வடகடல் தென்கடல் வடகடல், கீழ தென்கடல் வடகடல் தென்கடல். கச்சான் மாசத்துல தென்கடல் கட்டமெல்லாம் நுரையா இருக்கும், வாடையில அது வடகடலுக்கு மாறும். கீழே தள்ளிக்கிட்டே போனா காத்து எந்த இடத்துல திரும்புச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். இது ஸ்டேட்டஸ்ல வரவே வராது. ஒரு நாள் விட்டாலும் ரெண்டையும் சேர்த்து விடுங்க, ஒண்ணு மட்டும் போட்டா வரிசை குழம்பிரும்.

ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில இன்ஸ்டா சதுரக் கட்டத்தை நீளமா மாத்திருச்சு. ஒன்பது துண்டா வெட்டிப் பெரிய படம் அடுக்கினவங்க பக்கமெல்லாம் கோணலாயிருச்சு. உங்களுக்குத் தொடுவானம் நடுவுல இருக்கிறதால தப்பிச்சுக்குவீங்க.

பாசிக்காரி_மகள்:

அண்ணே, நான் பாம்பன் பக்கம். எங்க அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. நானும் வீடியோ போடுறேன், ஆனா கை மட்டும்தான். கிளம்புறதுக்கு முன்னாடி விரலுக்குத் துணி சுத்துறது, திரும்பி வந்து அவுக்கிறது, தண்ணியில ஊறி வெளுத்த விரல். முகம் வராது. எந்த இடம்னும் போடமாட்டேன். பாசி எடுக்கப் போற தீவுங்க இருக்கிறது தேசியப் பூங்காவுக்குள்ள, எங்களுக்கு அது எப்பவும் பயந்துக்கிட்டு செய்யுற பொழப்பு. வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்து எல்லாரு முகமும் தெரிய எடுத்து, இடத்தோட பேரையும் போட்டு, சோகப் பாட்டைச் சேர்த்து விட்டுட்டுப் போனாரு. நிறைய பேரு பார்த்தாங்க. அம்மா ஒரு வாரம் கடலுக்குப் போகலை.

அதனால உங்க "ஆள் வரக்கூடாது" சட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. இன்ஸ்டால போட்டா இடக்குறியை எடுத்துட்டுப் போடுங்க. பாட்டு சேர்க்கவே சேர்க்காதீங்க, நம்ம பக்கத்துக் கடலுக்கு எப்பவும் யாராவது அழுகைப் பாட்டுதான் போடுறாங்க.

கீழக்கரை_துபாய்:

தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, உங்க ஸ்டேட்டஸ் தெரியும்! என் மச்சான் படகு வச்சிருக்கார். அவர் உங்க படத்தை எங்க குடும்ப குரூப்ல தினம் தள்ளி விடுவார். இங்க நான் வேலைக்குக் கிளம்புற நேரம் அது வரும். உம்மாவுக்குப் போன் போட்டா "அங்க கச்சானாமே"ன்னு நான் ஆரம்பிப்பேன், "உனக்கு யாருடா சொன்னது"ன்னு அவங்க கேப்பாங்க. பேச்சு அதுலதான் தொடங்கும். இன்ஸ்டா போங்க, சந்தோசம். ஸ்டேட்டஸை மட்டும் நிறுத்திராதீங்க. எங்க உம்மாகிட்ட இன்ஸ்டா இல்லை.

தொண்டிக்காரன்:

அந்தச் சதுரங்க விசயம் நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். கலையான்னு இன்னும் சொல்லமாட்டேன். பக்கம் தொடங்கினா லிங்க் கொடுங்க தம்பி.

ஐஸ்வண்டி_மண்டபம்:

எல்லாருக்கும் நன்றி. துபாய் காக்கா, மச்சான் யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன், நாளைக்கு ஜெட்டியில பிடிக்கிறேன்.

ஸ்டேட்டஸ் அப்படியே இருக்கும். கரித்துண்டு சார் சொன்ன மாதிரி இன்ஸ்டால தனிப் பக்கம் தொடங்கிப் பழைய படத்துல இருந்து வரிசையா ஏத்தப் போறேன். பாம்பன் தங்கச்சி சொன்னபடி இடக்குறி இல்லை, பாட்டும் இல்லை. வடகடல் எது தென்கடல் எதுன்னு எழுதவும் போறதில்லை, நம்ம ஊர்க்காரனுக்குப் பார்த்தாலே தெரியும். மத்தவங்க தெரிஞ்சுக்கட்டும்.

ஒரு சந்தேகம். படமெல்லாம் போன்ல இருக்கு, இடம் நிரம்பிருச்சுன்னு தினம் கத்துது. 128 ஜிபி கார்டு போட்டா போதுமா?

கரித்துண்டு:

போதும். ஆனா கார்டை நம்பி மட்டும் இருக்காதீங்க, ஐஸ் தண்ணியும் உப்புக்காத்தும் படுற போன். கூகுள் டிரைவ்ல ஒரு பிரதி போட்டு வையுங்க. இன்ஸ்டாவையும் சேமிப்புக் கிடங்கா நினைக்காதீங்க. 2020 ஜூன்ல டிக்டாக்கைத் தடை பண்ணினப்ப என் மாணவன் ஒருத்தன் அதுல மட்டும் வச்சிருந்த ஒயிலாட்ட வீடியோவெல்லாம் போச்சு. இன்னொண்ணு, வாட்ஸ்அப்புக்குள்ள இருக்கிற கேமராவுல எடுக்காதீங்க. போன் கேமராவுல எடுத்துட்டு அப்புறம் ஏத்துங்க, மூலப்படம் முழுசா இருக்கும்.