கையில் பின்னல், எதிரில் யாரோ: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மன்னார்குடி மாடிவீடு

நானே ஆரம்பித்து வைக்கிறேன். குரோஷாவோ ஸ்வெட்டரோ ஒயர் கூடையோ, எதையாவது பின்னிக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்தால் யாராவது வந்து பேச்சுக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஒருவர் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்.

திருவாரூர்–காரைக்குடி டெமு ரயில். 2019-இல் அகலப்பாதையாக்கித் திறந்த புதிது. அதில் போனவர்களுக்குத் தெரியும், கேட்டுகளுக்கு ஆள் போடாமலே வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய்ச் சாத்துவார். வண்டி மெல்லத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். திட்டாதவர்கள் இல்லை. எனக்கு மட்டும் உள்ளூர சந்தோஷம், பின்ன நேரம் கிடைக்கிறதே என்று.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பின்பெட்டித் தம்பி என் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தார். நல்ல மழை. அவருடைய பச்சைக் கொடி கம்பிலிருந்து கழன்று வந்திருந்தது. "அக்கா, ஒரு முழம் நூல் கிடைக்குமா?" என்றார். கையில் இருந்தது சிவப்பு. அறுத்துக் கொடுத்தேன். ஒரு முனையைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியைக் கம்போடு சேர்த்து இறுக்கிச் சுற்றினார். நகத்தடியெல்லாம் கறுப்பாக கிரீஸ். கட்டி முடித்துவிட்டு, நான் பின்னிக்கொண்டிருந்த குல்லாவைப் பார்த்து, "இது எந்த வயசுக்குக்கா? எங்க வீட்ல ஐப்பசில பொறந்திருக்கு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடினார். முத்துப்பேட்டையில் பார்த்தால் வேறு ஆள் நிற்கிறார்.

அவர் கேட்டது வயசையா, குல்லாவையா? அதுதான் உறுத்துகிறது. அப்புறம் ஒரு முறை அந்த வழியாகப் போனபோது கேட்டுகளில் ஆள் நின்றார்கள். ரயிலோடு கூட வருகிறவர்கள் யாரும் இல்லை.

பாபநாசம் ஒயர்கூடை

என்னுடையது தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. கார்த்திகை அடைமழை, கால் வைக்க இடமில்லை. மடியில் பாதிக் கூடை. அடி போட்டு முடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. சாதா முடிச்சுதான், பச்சையும் வெள்ளையும்.

பக்கத்தில் ஓர் ஆயா. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், கேட்காமல் கொள்ளாமல் கூடையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "நெல்லிக்கா போடுவியா?" "வராது ஆயா." "இதுல என்ன வராததுக்கு." அவருடைய வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. ஒயர் ஓடி ஓடி அதில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒயரைக் கொடுத்துத்தான் இழுத்தார், கொஞ்சம்கூட வழுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நெல்லிக்காய் முடிச்சு திரண்டு வந்தது. இரண்டாவதை ஆரம்பித்து "இப்ப நீ போடு" என்று நீட்டுகிறார், பஸ் வந்துவிட்டது.

அந்தக் கூடை இன்னும் இருக்கிறது. சாதா முடிச்சுகளுக்கு நடுவில் ஒரே ஒரு நெல்லிக்காய் புடைத்துக்கொண்டு நிற்கும். காய்கறிக்கார அம்மா "இதென்னடி கட்டி" என்பார். பிரிக்க மனசு வரவில்லை. யூடியூபில் எத்தனையோ பார்த்தாயிற்று. ஆயா மணிக்கட்டைத் திருப்பின மாதிரி ஒருத்தரும் திருப்புவதில்லை.

குடந்தை டிகிரி காபி

பின்னுவது என் மனைவி, நான் கூடப் போகிறவன். என் அனுபவம் சின்னது. கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போனோம். அவள் காரை விட்டே இறங்கவில்லை, ஸ்வெட்டர் கை முடிய வேண்டுமாம். வனக் காவலர் ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இங்க குளிருதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கறையா கிண்டலா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் வழக்கு நடக்கிறது.

ஆனால் முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மழை நேரத்தில் திறந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உல்லன் பின்னலாமா? நம் டெல்டா ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலுக்கு ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வருஷம் எங்கள் பீரோவில் இருந்த உல்லன் முழுக்க முக்கல் வாடை. அன்றிலிருந்து எவர்சில்வர் தூக்கில்தான் நூல் வைக்கிறோம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அடியில் நிழலில் உலர்த்திய வேப்பிலை, மேலே ஒரு துண்டு வசம்பு. அந்துருண்டை வேண்டாம், குழந்தைக் குல்லாவுக்கு அந்த நெடி ஆகாது. துவைக்கும்போது பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். முறுக்கிப் பிழியவே கூடாது. ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் நிழலில் பரப்பிக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோய் அப்பா போடுகிற அளவுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை வெயில் தலைகாட்டும்போது தூக்கைத் திறந்து வைத்துவிட்டு, மறக்காமல் மாலை பனி இறங்குவதற்குள் மூடிவிட வேண்டும். அப்புறம் அரிசிப் பானையில் புதைத்து வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், வண்டு வரும்.

கடைமடைக்காரி

டிகிரி காபி அண்ணா, கோபிக்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது செம்மறி ஆட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. பூச்சி அதைத் தின்னாது. வேப்பிலை, வசம்பு எதுவும் தேவையில்லை, மெஷினில் போட்டே துவைக்கலாம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் சூடாக வைத்துவிடாதீர்கள், இளகிச் சப்பையாகிவிடும். சந்தேகமாக இருந்தால் நூல் முனையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டு ரோமம் என்றால் தலைமுடி கருகின வாடை அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டி மணியாகிவிடும். இனி ஈரத்துக்குப் பயந்து யாரும் ஜன்னலைச் சாத்த வேண்டாம்.

என் கதை தரங்கம்பாடியில். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்கத்தான் போனோம், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள். நான் மதில் நிழலில் கொக்கி ஊசியோடு. பக்கத்தில் ஒருவர் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த இடத்தில் ஊசி போய்ப் போய் வருகிறது. நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க. கடைசியில் எழுந்து வந்து கையை லுங்கியில் நன்றாகத் துடைத்துவிட்டு, "குடுங்க பாப்போம்" என்று வாங்கினார். விரிப்பை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டைகளையெல்லாம் ஒரு வரிசை விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு ரொம்ப வருத்தமாக, "இதுல மீன் நிக்காதும்மா" என்றார்.

சிரித்தாரா என்றால் சிரிக்கவில்லை. நான்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் யோசித்தால் அவர் நிஜமாகவேதான் சொன்னாரோ என்று இருக்கிறது. கொக்கி ஊசியில் கருவாட்டு வாடை போக ரொம்ப நாளானது.

குடந்தை டிகிரி காபி

அக்ரிலிக் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கடைக்காரர் எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

கடைமடைக்காரி

கடைக்காரரை விடுங்கள் அண்ணா, லேபிளைத் திருப்பிப் படியுங்கள்.

மாயவரத்துப் பேத்தி

சண்டைக்கு நடுவில் ஒன்று. சிதம்பரம் போகிற பஸ். கண்டக்டர் என் ஊசியைப் பார்த்துவிட்டு டிக்கெட்டுகூடக் கேட்கவில்லை. தோல் பையின் வார் பிய்ந்து தொங்குகிறது, தைத்துத் தர முடியுமா என்கிறார். குரோஷா ஊசியில் தைக்க முடியாது என்று சொன்னால் நம்பவில்லை. "அதான் ஓட்டையா போட்டுத் தள்றீங்களே!" கொள்ளிடம் பாலம் வருகிறவரை விடவில்லை. கடைசியில் கூடையில் கிடந்த ஒயர் துண்டால் கட்டிக் கொடுத்தேன். இறங்கும்போது பஸ்ஸே கேட்கிற மாதிரி, "யக்கா, ஒயர் அவுந்தா ஒங்க ஊட்டுக்கு வருவேன்" என்றார். எதிர்வீட்டு அம்மாவும் அதே பஸ்ஸில்தான் வந்தார். என் பாடு என்னவாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம் உப்பு

படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

2018 நவம்பர் 16, கஜா. அந்த ராத்திரியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். கூரை போன வீட்டிலிருந்து எடுத்து வந்தது ரேஷன் கார்டு, பத்திரம், ஒரு ரோல் ஒயர். ஒயரை எதற்கு எடுத்தாய் என்று கேட்காதீர்கள். கரண்ட் கிடையாது, வெளிச்சம் இருக்கிறவரை வாசற்படியில் உட்கார்ந்து பின்னுவேன். கை சும்மா இருந்தால் விழுந்து கிடக்கிற தென்னைகள் கண்ணில் வந்துவிடும்.

நிவாரணம் கொண்டு வந்தவர்களில் ஒருவர் ரொட்டியும் மெழுகுவத்தியும் கொடுத்துவிட்டு, "கைய மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேம்மா" என்றார். சரி என்றேன். கேமரா கையைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. தலை வாரவில்லை. நைட்டிக்கு மேலே யாரோ கொடுத்த துண்டு. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். கைக்கு எதற்குச் சிரிப்பு? ஆனால் சிரித்துவிட்டேன். சொன்னதும் சிரித்துவிட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ரொட்டியைக் குறை சொல்லவில்லை. பசிக்கு அதைத்தான் தின்றோம்.

குடந்தை டிகிரி காபி

அம்மா, இப்போதெல்லாம் பழைய படங்களை இணையத்தில் தேடி எடுத்துவிடலாம். ஊர் பெயரும் தேதியும் போட்டு, கூடவே நிவாரணம் என்று போட்டால் வரிசையாக வரும். அதில் உங்கள் படம் இருந்தால் எடுக்கச் சொல்லி எழுதலாம். கடிதம் எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன். முதலில் படம் வந்த பக்கத்தின் முகவரி, அப்புறம்...

வேதாரண்யம் உப்பு

தேடத் தெரியாமல் இல்லை ஐயா. வேண்டாம்.

பாபநாசம் ஒயர்கூடை

அண்ணா, விடுங்கள். அக்கா, அந்தக் கூடை என்ன ஆனது?

வேதாரண்யம் உப்பு

பள்ளிக்கூடத்திலேயே ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். துணிமணி வைக்கப் பை இல்லாமல் தவித்தது. கைப்பிடி போட ஒயர் பத்தவில்லை, சேலைக் கிழிசலை முறுக்கிக் கட்டிக்கொண்டது.

திருவையாற்று மருமகள்

வெளியே போய் நடந்ததைத்தான் எழுத வேண்டுமா? எனக்கு நடந்தது வீட்டுக் கூடத்தில்.

மாமியாருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த காலம். காலையில் நான் பின்னியதை, மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் உருவிவிடுவார். எழுந்து பார்த்தால் தலைமாட்டில் நூல் அழகாக உருண்டையாக இருக்கும். நாத்தனாரிடம் சொன்னால், "அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கல, அதான்" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓர் ஆடி மாதம், வெளியே ஒரே காற்று, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கவனித்தேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்து பின்னலை மடியில் விரித்தார். ஒரு துளையில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். இரண்டு விரல் விட்டார். "கழுத்து பத்தாது. புள்ளைக்கு இறுக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம்தான் முனையைத் தேடிப் பிடித்து, அவசரமே படாமல், ஒவ்வொரு வரிசையாக உருவ ஆரம்பித்தார். புள்ளை என்றால் என் வீட்டுக்காரர். அன்றைக்கே அவருக்குத் தலை நரைத்தாயிற்று. நான் பின்னிக்கொண்டிருந்தது டிவி மேல் போடுகிற விரிப்பு.

"கழுத்தப் பெருசா வச்சிருக்கேன் அத்தை" என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமோ என்று இருக்கிறது. அவர் இருந்தவரை அந்த விரிப்பு முடியவில்லை. அப்புறம் வாங்கினதெல்லாம் சுவரில் மாட்டுகிற டிவி, விரிப்புக்கு வேலையே இல்லை.

மன்னார்குடி மாடிவீடு

திருவையாற்றுக்காரரே, என் பாட்டியும் இப்படித்தான், ஆனால் பூ. கட்டின சரத்தைப் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டுவார். அதைத் தனியாக எழுதுகிறேன், மழை விட்டிருக்கிறது, துணி எடுக்கப் போக வேண்டும். வேதாரண்யம் அக்கா, இங்கே எழுதியதற்கு ரொம்ப நன்றி.

கடைமடைக்காரி

எங்கள் பக்கம் விடவில்லை. வாய்க்கால் ரோட்டைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஜூன் 12 மேட்டூரில் திறந்தால் எங்களுக்குக் கடைசியில்தான் வரும், வடியும்போது மட்டும் எல்லா ஊர்த் தண்ணீரும் எங்களுக்கே. பாபநாசம், நெல்லிக்காய் முடிச்சு எனக்கு வரும். மார்கழியில் கும்பகோணம் வருவேன், கூடையைக் கொண்டு வாருங்கள். அந்த ஆயா மாதிரி வருமா என்று கேட்கக் கூடாது.

குடந்தை டிகிரி காபி

நூலைக் கொளுத்திப் பார்த்தேன். உருகிக் கட்டியாகத்தான் ஆனது. மனைவி சமையலறையிலிருந்து என்ன நாற்றம் என்று கத்துகிறாள். இருந்தாலும் தூக்கில் வேப்பிலை போடுவது போடுவதுதான்.