நெடுந்தூரத் தடங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டால் சிற்றூர்களுக்குப் பேருந்து வருமா?

சாரல்: தனியார் நெடுந்தூரப் பேருந்துகளான ஆம்னி பேருந்துகள் காண்ட்ராக்ட் கேரேஜ் (ஒப்பந்த வாடகை) உரிமத்தில் ஓடுகின்றன. அந்த உரிமத்தின்படி வழிநெடுக நின்று தனித்தனி டிக்கெட்டுக்கு ஆளேற்றக் கூடாது; ஆனால் சென்னைப் புறநகரான பெருங்களத்தூரில் ஒரு மாலைப்பொழுது நின்றவர்களுக்கு நடைமுறை தெரியும். அதற்குப் பதிலாக, வழியில் நின்று ஆளேற்ற அனுமதிக்கும், நேரப்பட்டியலும் அரசு நிர்ணயிக்கும் கட்டணமும் கொண்ட ஸ்டேஜ் கேரேஜ் உரிமத்தையே ஆம்னி முதலாளிகளுக்குக் கொடுத்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய நாள் கட்டணம் தாறுமாறாக ஏறுவதற்கு அதுவே கடிவாளம்.

நடத்துநர் மகன்: நான் இதை ஏற்கவில்லை. 2018 ஜனவரியில் உயர்த்திய பேருந்துக் கட்டணத்தை அரசு அதன்பின் பல ஆண்டுகள் மீண்டும் உயர்த்தவே இல்லை. டீசல் விலை மட்டும் ஏறியது. அந்தக் கட்டணத்தில் எந்த முதலாளி வண்டி ஓட்டுவார்? வந்தாலும் சென்னை–மதுரை, சென்னை–கோவை போன்ற வசூல் தடங்களைத்தான் கேட்பார். நாளுக்கு இரண்டு நடை போகும் கிராமத்துத் தடம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலையிலேயே நிற்கும்.

சாரல்: நெடுந்தூரப் பேருந்துகளை ஓட்டும் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் தனி நிறுவனம், தனிக் கணக்கு. அதன் வருமானம் கிராமத்துப் பேருந்துக்குப் போவதில்லையே?

நடத்துநர் மகன்: உண்மைதான். ஆனால் சென்னை–திருச்சி, சென்னை–கும்பகோணம் தடங்களில் கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகமும் ஓட்டுகிறது. வயல்வெளி ஊர்களுக்கு நடை விடுவதும் அதே கழகம்தான். 1972-இல் பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் அமைந்தபோது பெரிய தடமும் சிறிய தடமும் ஒரே கையில் இருந்ததால்தான் பேருந்தே காணாத ஊர்களுக்கும் பேருந்து போனது. அந்தப் பிணைப்பை அறுத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

துவரங்குறிச்சியாள்: இருவரும் உரிமத்தைப் பேசுகிறீர்கள், நான் இறங்கும் இடத்தைப் பேசுகிறேன். திருச்சி–மதுரை நாற்கரச் சாலை வந்த பிறகு இரவுப் பேருந்துகள் எங்கள் ஊருக்குள் நுழைவது அரிதாகிவிட்டது. சென்ற தை மாதம் அதிகாலை மூன்றரை மணிக்கு என்னையும் என் மாமியாரையும் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். விளக்கில்லை, அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தோம். 2023 டிசம்பர் இறுதியில் சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து, வடசென்னையில் இருக்கும் என் மகன் வீட்டிலிருந்து பேருந்து ஏறுவதற்கே ஒரு தனிப்பயணம் தேவைப்படுகிறது. ஏறும் இடமும் எட்டவில்லை, இறங்கும் இடமும் ஊரில்லை என்றால் யார் ஓட்டினால் எனக்கென்ன?

சாரல்: அம்மா, உங்கள் வாதத்தை ஏற்கிறேன். எந்தெந்த ஊர் நிலையத்திற்குள் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும் என்பதை உரிமத்திலேயே எழுதி, தவறினால் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

நடத்துநர் மகன்: அரசுப் பேருந்துக்கும் அதே விதியை வையுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் பல சிறு நிலையங்களில் இரவு பத்து மணிக்கு மேல் நேரக்காப்பாளர் அறை பூட்டியிருக்கிறது. வண்டி உள்ளே வந்ததா என்று குறித்துவைக்க முதலில் அங்கே ஓர் ஆளைப் போடச் சொல்லுங்கள்.