தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு நாள் கற்றல்: எப்படி அமைப்பது?

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். பள்ளி இல்லாத நாட்களில் இருவருக்கும் வீட்டிலேயே பலவகைச் செயல்பாடுகள் கொண்ட ஒரு நாளை அமைக்க விரும்புகிறேன். பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வைத்து நடத்தினால், சிறியவள் சற்று நேரத்தில் எழுந்து போய்விடுகிறாள். பெரியவனோ பயிற்சித்தாளை அவசர அவசரமாக முடித்துவிட்டுக் கைப்பேசியைக் கேட்கிறான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்த்தால் ஒரே நாளுக்கு இருபது செயல்பாடுகள் வரை அடுக்கியிருக்கிறார்கள். அவற்றை முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு முன்னால் நான் களைத்துவிடுவேன்.

இருவரும் சேர்ந்து செய்யக்கூடியதாகவும், புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லாததாகவும் இருந்தால் நல்லது. பிற்பகலில் எனக்கு அலுவலக வேலை இருப்பதால், அந்நேரத்தில் அவர்கள் தாமாகவே ஈடுபடும் வேலை ஒன்றாவது வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். செயல்பாடுகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காலை முதல் மாலை வரை நீளும் ஒரே ஒரு வேலையை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் இடைவெளிகளில் பொருத்துங்கள். அப்போது அடுத்து என்ன செய்யச் சொல்வது என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்காது.

அத்தகைய நெடுவேலையாக நான் பரிந்துரைப்பது நிழல் அளத்தல். வெயில் படும் சமதளமான இடத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். சிறியவள் அளவுகோலால் நீளத்தை அளக்கட்டும். பெரியவன் அந்த அளவுகளைக் கட்டமிட்ட தாளில் வரைபடமாக்கட்டும். நிழல் முதலில் குறுகிப் பிறகு நீள்வதையும், கற்களை வரிசையாகப் பார்த்தால் அவை ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், கேட்டால்கூடச் சற்றுக் காக்க வையுங்கள். மிகக் குறுகிய நிழல் கடிகாரத்தின் 12 மணிக்குச் சரியாக விழாமல் போகலாம் என்பதுதான் பெரியவனுக்கு உரிய கேள்வி. பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஆகவே ஒரே கடிகார நேரத்தைப் பின்பற்றும் இரண்டு ஊர்களில்கூட, தீர்க்கரேகை வேறுபட்டால் சூரியன் உச்சத்தைத் தொடும் நேரமும் வேறுபடும். தாளில் தேதியையும் குச்சியின் உயரத்தையும் எழுதிவைக்க மறக்க வேண்டாம், இல்லையெனில் பின்னொரு மாதத்தில் மீண்டும் அளந்தாலும் ஒப்பிட வழியிருக்காது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் இடையே, மனம் தெளிவாக இருக்கும் காலை வேளையில், கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாடு என்றாலே பிள்ளைகள் மிரளுவதற்குக் காரணம் அதன் அளவு. 10 வரையிலான வாய்ப்பாட்டைக் கட்டமாக வரைந்தால் 100 பெருக்கல்கள் இருக்கின்றன. 3×7-உம் 7×3-உம் ஒன்றே என்பதால் அவற்றுள் வேறுபட்டவை 55 மட்டுமே. 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் தெரிந்த பிள்ளைக்கு மீதமிருப்பவை வெறும் 21. மகன் இதைத் தானே வண்ணமிட்டு நீக்கிப் பார்க்கட்டும்; சுமை குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எஞ்சியவற்றுள் அவன் தடுமாறுபவற்றை மட்டும் துண்டுத்தாள்களில் எழுதி, பார்க்காமல் விடை சொல்லச் செய்யுங்கள். அதே துண்டுகளை மாலையிலும் மறுநாளும் மீண்டும் கேளுங்கள். ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நினைவில் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்விலேயே காட்டியிருக்கிறார். சிறியவளுக்கு 2, 5, 10 வாய்ப்பாடுகள் போதும்.

வெள்ளைத்தாள் எழுதியது:

ஆசிரியை அம்மாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு சிறு மாற்றுக்கருத்து. நாள் முழுவதையும் வெயிலை நம்பி அமைத்தால் மேகம் மூடிய நாளில் திட்டம் முழுவதும் சரிந்துவிடும். எனவே வானத்தைச் சாராத வேலை ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். மேலும், பள்ளியில் செலவாகும் அத்தனை மணி நேரமும் வீட்டிலும் தேவை என்று எண்ண வேண்டாம். வகுப்பில் வருகைப்பதிவு, காத்திருத்தல், நாற்பது பிள்ளைகளின் கேள்விகள் எனப் பல இருக்கின்றன. இரண்டே பிள்ளைகள் உள்ள இடத்தில், கவனம் சிதறாத இரண்டு மூன்று மணி நேரமே தாராளம் என்பது என் எண்ணம்.

எழுத்துப் பயிற்சிக்கு எங்கள் வீட்டில் நன்றாகப் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். காகிதக் கப்பல் செய்யும் முறையைப் பெரியவன் படிப்படியாக எழுத வேண்டும், படம் வரையக் கூடாது. பிறகு சிறியவள் அதை உரக்கப் படித்து, எழுதியிருப்பதை மட்டும் அப்படியே செய்ய வேண்டும். ‘தாளை மடிக்கவும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அவள் எந்தப் பக்கமாகவும் மடித்துவிடுவாள், கப்பல் உருவாகாது. தன் வாக்கியத்தில் எது விடுபட்டது என்பதை அவன் அப்போது தானே காண்கிறான், நாம் சிவப்பு மையால் திருத்த வேண்டிய தேவையே எழுவதில்லை. நீளவாக்கில், ஓரத்தோடு ஓரம் சேரும்படி, மேல்முனையை நடுக்கோட்டை நோக்கி என்றெல்லாம் துல்லியமான சொற்கள் அவனுடைய எழுத்தில் வரத் தொடங்கும். சிறியவளுக்கோ இது காரணத்தோடு கூடிய வாசிப்பு. பொருள் புரியாமல் படித்துவிட்டுப் போக முடியாது. சொல்வதெழுதுதலை விட்டுவிடச் சொல்லவில்லை. ல, ள, ழ மற்றும் ர, ற குழப்பங்களுக்கு அதுவும் வேண்டும்தான், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பிற்பகல் தனிவேலைக்கு: உறிஞ்சும் தன்மையுள்ள தாளை விரல் அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி, அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பட்டையின் நுனி மட்டும் நீரில் படுமாறு ஒரு கோப்பையில் தொங்கவிடச் சொல்லுங்கள். நீர் மேலேறும்போது மையும் உடன் நகர்ந்து, அதிலுள்ள நிறமிகள் தனித்தனியே பிரியும். வேகமாகக் கரைந்து நகரும் நிறமி உயரத்திலும், தாளோடு ஒட்டிக்கொள்ளும் நிறமி கீழேயும் நிற்கும். புள்ளி நீரில் மூழ்கிவிட்டால் மை கோப்பையிலேயே கரைந்து வீணாகிவிடும், அந்த ஓர் எச்சரிக்கை போதும். அழியாத மை கொண்ட மார்க்கர் நீரில் கரையாது. ஆனால் அதிலும் ஒரு பட்டை செய்யட்டும், ஏன் நகரவில்லை என்று இருவரும் விவாதிக்கட்டும். உலர்ந்த பட்டைகளை ஏட்டில் ஒட்டி, எந்தப் பேனாவின் மை எத்தனை நிறமாகப் பிரிந்தது என்று எழுதுவதோடு உங்கள் அலுவலக நேரம் பெரும்பாலும் கழிந்துவிடும்.

முல்லைக்கொடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காகிதக் கப்பல் யோசனையை நாளையே செய்து பார்க்கப் போகிறேன். ஆயினும் இரண்டு ஐயங்கள். எந்தப் போட்டியிலும் பெரியவனே வென்று தங்கையைக் கேலி செய்வதால், சேர்ந்து செய்யும் வேலைகள் அழுகையில் முடிகின்றன. கைப்பேசியை முற்றிலும் ஒளித்து வைப்பதா, கொடுப்பதா என்பதும் புரியவில்லை.

கடைசிவரிசை எழுதியது:

வணக்கம் சகோதரி. போட்டி வேண்டுமென்றால் திறமையால் வெல்லாத ஒன்றைக் கொடுங்கள். இரண்டு பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகையை 2 முதல் 12 வரை எண்ணிட்ட பத்திகளில் கோடிட்டு நிரப்பும் ஆட்டத்தில், ஆளுக்கு ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்; எவருடைய பத்தி முதலில் நிரம்புகிறதோ அவரே வென்றவர். சிறியவளுக்கு அது கூட்டல் பயிற்சி. சில ஆட்டங்களுக்குப் பின், 7 ஏன் அடிக்கடி வருகிறது என்று பெரியவனைக் கேளுங்கள். இரண்டு பகடைகளும் விழக்கூடிய 36 வகைகளில் 7 ஆறு வகைகளில் அமைகிறது, 2-உம் 12-உம் ஒவ்வொரு வகையில் மட்டுமே அமைகின்றன என்பதை அவனே பட்டியலிட்டுத் தங்கைக்கு விளக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கேலி செய்ய வந்தவனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டால் அவன் குரலே மாறிவிடும்.

இதுவரை எவரும் உடலசைவைப் பற்றிப் பேசவில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அதைத் தனிப் பாடவேளையாக்காமல், ஒவ்வொரு நிழல் அளவுக்கும் முன்னால் ஓடவோ கயிறு தாண்டவோ விடுங்கள். ஒருமுறை மட்டும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும், குதித்து முடித்தவுடனும் மணிக்கட்டில் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கச் சொல்லலாம். எத்தனை நிமிடத்தில் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்ப்பதில் சிறியவர்களுக்கு ஏனோ தீராத ஆர்வம்.

கைப்பேசியை ஒளித்து வைத்தால் பிள்ளைகளின் நினைப்பு முழுவதும் அதிலேயே இருக்கும். அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து, அது முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். நாடி எண்ணும்போது அது விநாடிக் கடிகாரம். வாசிப்பின்போது ஒலிப்பதிவுக் கருவி. ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பதிவுசெய்து, தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை, எங்கே திக்கினோம், எந்த இடத்தில் நிறுத்தாமல் ஓடினோம் என்பதை எவரும் சுட்டாமலே உணர்ந்து மறுமுறை படிக்க முன்வரும். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு காணொளி கேட்டால் மறுப்பதில் தயக்கம் வேண்டாம்.