தோட்டா உறையின் அடியில் உள்ள எழுத்துகளிலிருந்து தயாரித்த ஆலையைக் கண்டறிவது எப்படி?

நெய்தல் (கேள்வி):
வட பிரான்சில் ஆமியென் நகருக்கு அருகே சென்ற ஞாயிறு நடந்த பழம்பொருள் சந்தையில், சுடப்பட்ட மூன்று தோட்டா உறைகளை வாங்கினேன். மூன்றும் வெற்று உறைகள். நடுவிலுள்ள பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், ஊசி குத்திய குழி தெளிவாகத் தெரிகிறது. முதல் பித்தளை உறையின் அடியில் கே என்ற ஆங்கில எழுத்தும், 17 என்ற எண்ணும், ரோமன் எண்ணில் ஏழும் உள்ளன. இரண்டாவதும் பித்தளைதான், அதில் பி131 (P131), நட்சத்திரக் குறியுடன் எஸ், 5, 38 ஆகியவை உள்ளன. மூன்றாவதைக் காந்தம் இழுக்கிறது; துரு மறைத்ததுபோக ஏ, யு என்ற சிறிய எழுத்துகளும் 43 என்ற எண்ணும் மட்டுமே தெரிகின்றன. கே என்பது ஜெர்மனியின் ஆயுதத் தயாரிப்பாளரான குரூப் நிறுவனத்தையும், நட்சத்திரமிட்ட எஸ் வேறொரு ஆலையையும் குறிப்பதாக எண்ணுகிறேன். சரிதானா?

பித்தளை:
எழுத்தைப் படிக்குமுன் உறையின் அடியை அளந்து பாருங்கள். முதல் உறையின் விளிம்பு உடலைவிட வெளியே நீட்டிக்கொண்டு, குறுக்களவில் ஏறக்குறைய 13.7 மில்லிமீட்டர் இருந்தால், அது பிரிட்டன் ராணுவத் துப்பாக்கியின் .303 அங்குலத் தோட்டா, அப்படியானால் குரூப்புக்கு இங்கே வேலையில்லை. அந்தக் கே, பர்மிங்ஹாமை ஒட்டிய விட்டன் என்னும் இடத்தில் ஜார்ஜ் கைனாக் 1862இல் தொடங்கிய ஆலையின் முத்திரை. 17 என்பது 1917ஆம் ஆண்டு. ரோமன் ஏழு தோட்டாவின் வகையைச் சொல்கிறது. அந்த ஏழாம் வகை 1910இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாவது உறையில் விளிம்பு நீட்டிக்கொண்டிராமல் உடலோடு சமமாக, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இருக்கும். அது ஜெர்மனியின் 7.92 மில்லிமீட்டர் மௌசர் தோட்டா. ஆலைக் குறியீடு மேலே வரும்படி வைத்துக்கொண்டு கடிகாரச் சுற்றில் படிக்க வேண்டும்: மேலே பி131, அதாவது பெர்லின் போர்சிக்வால்டேயில் இருந்த டிடபிள்யூஎம் என்ற ஜெர்மன் ஆயுத நிறுவனத்தின் ஆலை, வலப்புறம் எஸ் நட்சத்திரம், அது ஆலையன்று, 72 விழுக்காடு செம்பு கலந்த பித்தளையின் அடையாளம், கீழே 5, தயாரிப்புத் தொகுதியின் எண், இடப்புறம் 38, ஆண்டு. அந்த 5ஐ மே மாதம் என்று கொள்ளாதீர்கள். முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் உறைகளில்தான் மாதம் பொறிக்கப்பட்டது. இந்தக் குழப்பத்தால் பலர் தங்கள் சேகரிப்பில் தவறான தேதி எழுதி வைத்திருப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

குறிஞ்சிமலர்:
மேலே சொன்னது சரி. ஆனால் கே என்று கண்டதும் கைனாக் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கே, எஃப் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே அம்புக்குறி இருந்தால் அது புனேக்கு அருகிலுள்ள கிர்க்கி, அதாவது இன்றைய கட்கி ஆலையில் செய்தது. கே என்ற எழுத்துக்குப் பின்னால் ஒட்டியே 2, 4, 5 என்ற எண்களில் ஒன்று வந்தால், இரண்டாம் உலகப் போரின்போது ஸ்டாண்டிஷ், யீடிங், கிடர்மின்ஸ்டர் ஆகிய இடங்களில் கைனாக் பெயரில் இயங்கிய ஆலைகள். வடிவமும் துப்பாக்கியைத்தான் காட்டும், நாட்டைக் காட்டாது: டபிள்யூஆர்ஏ என்ற எழுத்துகளுடன் கிடைக்கும் .303 உறையை அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் பிரிட்டனுக்காகச் செய்தது.

மூன்றாவது உறையில் யுவுக்குப் பின் ஓர் எக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலையின் பெயர் எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஜெர்மானியர் 1940 முதல் சிறிய எழுத்துகளாலான குறியீடுகளை இட்டனர். ஏயுஎக்ஸ் என்றால் மாக்டெபர்க் நகரின் போல்ட்டே ஆலை. அதற்கு முன் அதே ஆலை பி (P) என்ற ஒற்றை எழுத்தை இட்டது. துருவை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், மெல்லிய பொறிப்பு போய்விடும். முகப்பவுடரை விரலால் தடவி, அதிகப்படியைத் துடைத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும்.

நெய்தல்:
இருவருக்கும் மிக்க நன்றி. பவுடர் தடவியதும் எக்ஸ் வெள்ளையாக எழுந்து வந்தது. வலப்புறத்தில் எஸ், டி (St) என்ற இரண்டு எழுத்துகளும் தெரிகின்றன. முதல் உறையின் விளிம்பு 13.7 இருக்கிறது, அதில் அம்புக்குறி இல்லை.

பித்தளை:
எஸ்டி என்பது எஃகு உறைக்கான குறி. காந்தம் முதலிலேயே சொல்லிவிட்டது. 1943, மாக்டெபர்க் என்று எழுதி வையுங்கள்.