ரொறன்ரோ சைட்வோக் பனி: தள்ள வேண்டியது யார், விழுந்தால் பொறுப்பு யாருக்கு?

வேம்படி:
ரொறன்ரோ ஸ்காபரோவில் தனி வீடு. சைட்வோக் (நடைபாதை) பனியைச் சிட்டி மெஷின் தள்ளும் என்று சிலரும், பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர்தான் தள்ள வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? யாராவது அதில் வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரர் மேல் வழக்கு வருமா? றோட்டுப் பனி தள்ளும் பிளவ் வண்டி போன பிறகு டிரைவ்வே வாயில் குவியும் கட்டிப் பனியை எங்கே போடுவது?

பனிக்காலம்:
இரண்டும் சரிதான், இடம்தான் வேறு. 12 மணித்தியால விதி மாநகர சபைச் சட்டக்கோவையின் 719ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சிட்டி மெஷின் போகாத சைட்வோக்குகளுக்குத்தான் அது. 2021இல் சபை எடுத்த முடிவுக்குப் பிறகு அநேகமாக எல்லா உள்தெருக்களுக்கும் மெஷின் வருகிறது. டவுண்டவுன் பக்கத்துப் பழைய ஒடுக்கமான தெருக்கள்தான் சிக்கல். உங்கள் தெரு எந்தப் பட்டியலில் என்று சிட்டியின் 311 தொலைபேசியில் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

டிரைவ்வே பனியைச் சைட்வோக்கிலோ றோட்டிலோ தள்ளுவது எல்லா இடத்திலும் குற்றம். மெஷின் போகும் தெரு என்பதற்காக அதற்கு விலக்கு இல்லை.

வாயில் குவியும் கட்டிக்கு: றோட்டைப் பார்த்து நின்றால், உங்கள் பக்கத்து லேனில் பிளவ் இடமிருந்து வலமாக வரும். ஆகவே டிரைவ்வே பனியை வலப்பக்கத்துப் புல்லில் குவியுங்கள். இடப்பக்கத்தில் கேர்ப் ஓரமாக ஒரு 3 மீற்றர் நீளத்துக்கு வெட்டி வெறுமையாக விடுங்கள். பிளவ் தன் சுமையில் ஒரு பங்கை அந்தப் பள்ளத்தில் கொட்டிவிட்டுத்தான் உங்கள் வாயைத் தாண்டும். மெஷின் வசதியுள்ள தெருக்களில் சிட்டியே அந்தக் கட்டியை ஏறக்குறைய 3 மீற்றர் அகலத்துக்குத் திறந்துவிடும், ஆனால் தரை தெரியும் வரை சுரண்டாது. மீதி உங்கள் சவளுக்குத்தான்.

நாற்சந்தி:
வழக்குப் பக்கம். சைட்வோக் சிட்டியின் சொத்து. Bylaw (சபையின் விதி) சொன்னபடி தள்ளாவிட்டால் தண்டம் வரலாம், ஆனால் விழுந்தவருக்கு நட்டஈடு கொடுக்கும் கடமை அதனால் மட்டும் வீட்டுக்காரருக்கு வருவதில்லை. 2000இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பொஞ்சியார்டினா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டு விலக்குகள் உண்டு. சைட்வோக்கைத் தன் சொந்த இடம் போலவே கையாளும் ஒருவர் (தன் வாடிக்கையாளருக்காகவே பயன்படுத்தும் கடை போல) மாட்டலாம். உங்கள் காணியிலிருந்து ஆபத்து வெளியே வந்தாலும் மாட்டலாம்.

இரண்டாவதுதான் வீடுகளில் நடப்பது. பீலிக் குழாயின் வாய் சைட்வோக்கைப் பார்த்தபடி இருக்கும். பகலில் கூரைப் பனி உருகி, மெல்லிய ஓடையாகக் குறுக்கே ஓடும். இரவில் கண்ணாடி போல உறையும். காலையில் அரை அங்குலப் புதுப்பனி அதன்மேல் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. குழாய் வாயைப் புல் பக்கம் திருப்புங்கள். இந்தக் கேள்வியில் உங்கள் கையில் இருக்கும் பெரிய வேலை அதுதான்.

வேம்படி:
நன்றி. அப்போ விழுந்தவர் சிட்டியிடம் கேட்க முடியுமா?

நாற்சந்தி:
முடியும், ஆனால் வாசல் ஒடுக்கம். சிட்டி ஒஃப் ரொறன்ரோ சட்டத்தின்படி சைட்வோக் பனிக்கு சாதாரண கவனக்குறைவு போதாது, மிகப் பாரதூரமான கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அத்தோடு 10 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும்: திகதி, நேரம், இடம், காயம், கோரிக்கை. சிட்டி கிளார்க்குக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ. 311இல் முறையிட்டது போதும் என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது அறிவித்தல் ஆகாது. ஆனாலும் முன்பே யாராவது முறையிட்டிருந்தால் அந்த முறைப்பாட்டு இலக்கம் நல்ல சான்று, சிட்டிக்கு ஆபத்து தெரியும் என்று காட்டும். 10 நாளைத் தவறவிட்டவருக்கு நியாயமான காரணம் இருந்து, சிட்டியின் எதிர்வாதமும் பாதிக்கப்படாவிட்டால் நீதிமன்றம் வழக்கைத் தொடர விடலாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

அன்றே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து. அடுத்த நாள் உருகிவிடும். மாகாணத்தின் குறைந்தபட்சத் தரம் என்ன என்றால், சைட்வோக்கில் பனி 8 செ.மீ. தாண்டினால் பனி நின்று 48 மணித்தியாலத்துக்குள் 8 செ.மீ.க்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவர வேண்டும், 1 மீற்றர் அகலத்துக்காவது. அதைச் செய்திருந்தால் சிட்டிக்கு அது பலமான கேடயம். இடம் தனியார் வாகனத் தரிப்பிடமாக இருந்தால் கணக்கே வேறு: 2021 ஜனவரி 29 முதல் 60 நாள் அறிவித்தல், காணிக்காரருக்கோ பனி தள்ளும் கொன்றாக்டருக்கோ.

பனிக்காலம்:
உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துச் சைட்வோக் சதுரத்துக்கு ஒரு கோப்பி மக் உப்பு போதும், உப்பு மணிகளுக்கிடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளி. முதலில் சவளால் தள்ளிவிட்டுத்தான் தூவ வேண்டும். தடித்த பனிமேல் கொட்டினால் அது கரைந்து ஓடிக் குளிரில் திரும்ப உறையும். -10க்குக் கீழே சாதாரண உப்பின் வேகம் நன்றாகக் குறைந்துவிடும், அப்போது மணலைப் போடுங்கள். மணல் உருக்காது, கால் பிடிக்கும். மற்றது, பக்கத்தில் தீயணைப்பு ஹைட்ரன்ட் இருந்தால் அதைச் சுற்றியும் ஒரு வழி வெட்டி விடுங்கள்.