‘கேஃபேப்’: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனம் நடத்திய ‘திங்கள் இரவு ரா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு பாகத்தில் ஐந்து முடிந்துவிட்டது. வெள்ளி மாலை 6 மணிக்குள் எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். ‘பேபிஃபேஸ்’, ‘ஹீல்’ இரண்டையும் ஹீரோ, வில்லன் என்றே போட்டுவிட்டேன். யாரும் தடுமாற மாட்டார்கள். ‘கேஃபேப்’தான் கழுத்தைப் பிடிக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்த சண்டை இது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், வளையத்துக்குள் மட்டுமல்ல, ஓட்டலிலும் விமான நிலையத்திலும்கூட அந்தக் கதையின்படியே நடந்துகொள்ளும் கட்டுப்பாட்டுக்கு மல்யுத்தக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 1987இல் அயர்ன் ஷேக்கும் ஜிம் டகனும் நியூ ஜெர்சியில் ஒரே காரில் போய்ப் போலீசிடம் மாட்டினார்கள். ஊரைப் பொறுத்தவரை இருவரும் ஜென்மப் பகைவர்கள். பிடிபட்டதைவிட ஒரே காரில் இருந்ததுதான் தொழிலுக்குள் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது.

அடுத்தது 1996 மே 19, மேடிசன் ஸ்கொயர் கார்டன். டீசலும் ஷான் மைக்கேல்ஸும் கூண்டுக்குள் மோதி முடித்தார்கள். டீசலும் ரேசர் ராமனும் போட்டி நிறுவனத்துக்குப் போகிறார்கள், அன்றுதான் கடைசி. ராமனும் டிரிபிள் எச்சும் உள்ளே வர, இரண்டு ஹீரோ, இரண்டு வில்லன், நான்கு பேரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். இந்த இடத்துக்கு ‘நாடகத்தை உடைத்தார்கள்’ என்று எழுதினேன். படித்தால் மேடை சரிந்த மாதிரி இருக்கிறது. வரிக்கு 42 எழுத்துக்குறிதான் இடம். உதவுங்கள்.

ந.

*

வணக்கம் அம்மா.

முதலில் ‘மல்யுத்தம்’ வேண்டாம். மற்போர் என்று எழுதுங்கள். ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்று 80ஆம் பாட்டில் நேரில் பார்த்தவர் போலப் பாடியிருக்கிறார். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறு காலால் மல்லனின் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே வளைத்த அந்தப் பிடி இன்றைய தொலைக்காட்சி வருணனைக்கும் பொருந்தும். பிடிகளின் பெயர்களுக்கு அந்தப் பாட்டிலேயே வினைச்சொல் கிடைக்கும். அதைத் தனி இழையாகத் தொடங்கலாம்.

கேஃபேப் என்பது நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போலத்தான். ஆனால் நீங்கள் கேட்பது அந்தக் குறி சுட்டும் பொருளை. அதற்குத் தொல்காப்பியர் அகத்திணையியலிலேயே பெயர் வைத்துவிட்டார்: நாடக வழக்கு, உலகியல் வழக்கு. கேஃபேப் நாடக வழக்கு. அவர்கள் ‘ஷூட்’ என்கிறார்களே, கதையை மீறி உண்மையாகவே அடித்துக்கொள்வது, அது உலகியல் வழக்கு. இரண்டும் கலந்து வருவது புலனெறி வழக்கம். ஒரு நூற்பாவில் உங்கள் மூன்று சொல்லும் கிடைத்துவிட்டன. புதிதாகப் படைக்க என்ன இருக்கிறது?

செ.

*

ஐயா சொன்னது அழகு. ஆனா சப்டைட்டில் வாசிக்கிற பிள்ளைக்கு நூற்பா தெரியாது.

எங்கட பக்கம் ஒருத்தரை நம்பப்பண்ணி ஏமாத்துறதைப் பேய்க்காட்டுறது எண்டு சொல்லுவம். ‘என்னைப் பேய்க்காட்டாதை’ எண்டு சின்னப்பிள்ளையும் சொல்லும். பேய்க்காட்டல் எண்டே போடலாமே தங்கச்சி? ஒலியும் கேஃபேப்புக்குக் கிட்ட வருது.

இ., யாழ்ப்பாணம்

*

ந. அக்கா, நான் ஸ்கூல்ல மல்யுத்தக்காரர் படம் போட்ட டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறை. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று அட்டை அட்டையாக மனப்பாடம். அண்டர்டேக்கர் உண்மையாகவே செத்து எழுந்து வந்தவரா என்று மதிய இடைவேளையில் சண்டை போட்டிருக்கிறோம். ‘எல்லாம் செட்டப்புடா’ என்று ஒருவன் சொல்வான். அவனை யாருக்கும் பிடிக்காது. தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல் செட்டப்புதான். இல்லையென்றால் கேஃபேப் என்றே விடுங்கள். கிரிக்கெட்டை மட்டைப்பந்து என்று யார் சொல்கிறார்கள்?

ஆனால் இ. அண்ணன் சொன்ன பேய்க்காட்டல் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். பார்ப்பவன் ஏமாறவில்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் ‘இது போட்டி இல்லை, கேளிக்கை’ என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடத்தான். அதற்கு நான்கு வருடம் கழித்து, 1993 ஜனவரி 11 அன்று, ரா தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் கூட்டம் பெருகத்தான் செய்தது.

இன்னொன்று. 1999 ஜனவரி 4. ராவின் அன்றைய பாகம் முன்கூட்டியே பதிவானது. எதிர் சேனலில் போட்டி நிறுவனத்தின் ‘நைட்ரோ’ நேரலையில் ஓடுகிறது. ராவில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப் போகிறார் என்று நைட்ரோ வருணனையாளர் போட்டு உடைத்தார், அங்கே யாரும் போகக்கூடாது என்பதற்காக. கேட்டவர்கள் பெருங்கூட்டமாக ராவுக்கே சேனலை மாற்றினார்கள். முடிவு தெரிந்த பிறகுதான் பார்க்க ஓடினார்கள். இதில் யாரை யார் பேய்க்காட்டினார்கள்?

ரா.

*

நண்பர்களே,

ஒலி கிட்ட வருகிறது என்று யாழ்ப்பாண நண்பர் தொட்ட இடத்தை யாரும் தோண்டவில்லை. கேஃபேப் = கைப்பாவை என்பது என் துணிபு. கை+பாவை, கைப்பாவை, கைஃபாவ், கேஃபேப். வகரம் பகரமாவது உலக மொழிகளில் மலிந்த திரிபு. ஆட்டுவிப்பவன் கையில் ஆடும் பாவைதானே அந்த மல்லன்? திருவிழாத் திடல்களில் பாவைக்கூத்தும் மற்போரும் அருகருகே நடந்திருக்கின்றன. நாடோடிக் கேளிக்கைக் கூட்டங்கள் வழியாக இச்சொல் மேற்கே போயிருக்க வாய்ப்புண்டு. பாவை என்ற சொல் பாவு என்னும் வினையிலிருந்து வந்ததா, பாவனையோடு உறவுடையதா என்பது அடுத்த கேள்வி. பாவித்தல், பாவம், பாவகம் எல்லாவற்றையும் ஒரே வேரில் வைத்துப் பத்து ஆண்டாகச் சொற்குறிப்பு அட்டை எழுதி வருகிறேன். நாளை விரிவாக இடுகிறேன்.

த.

*

த. ஐயாவுக்கு: அமெரிக்கத் திருவிழாக் கூடாரக்காரர்கள் சொற்களைத் திருப்பிப் போட்டுப் பேசிய ரகசியப் பேச்சில் பிறந்திருக்கலாம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கே உறுதியான சான்று இல்லை. கைப்பாவைக்கு ஒலி ஒற்றுமை தவிர வேறு எதுவும் இல்லை. ந.வுக்கு வெள்ளிக்கிழமை கெடு. தயவுசெய்து.

ந.வுக்கு ஒரு செய்தி. எங்கள் ஊர் செய்யாறு பக்கம். அப்பா கூத்தில் மிருதங்கம். துகில் உரியும் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிடுவார். தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியபடியே, அந்தச் சிவப்பு அரிதார முகத்தோடே, திரௌபதி வேடக்காரரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். வேர்வையில் அரிதாரம் கழுத்து வரை வழிந்திருக்கும். எதிரே திரௌபதியாக நிற்பது அவருடைய சொந்தத் தம்பி என்று ஊருக்கே தெரியும். கிழவிகள் அழுவார்கள். கற்பூரம் அணைந்ததும் அவர் மறுபடி துச்சாதனன். கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள்.

அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பொய், செட்டப்பு, பாசாங்கு என்று எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்தக் கிழவிகளை முட்டாளாக்குகிறோம். நம்பியார் வில்லன் என்று திட்டியவர்களுக்கு அவர் சபரிமலை குருசாமி என்பதும் தெரிந்துதான் இருந்தது. இந்தச் சொல்லின் கருத்து பொய் சொல்வதில் இல்லை, காப்பதில் இருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. கட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் சேர்ந்துதான் அந்தக் கட்டு.

ஆகவே என் பரிந்துரை: வேடக்காப்பு. வேடத்தைக் காப்பது, வேடத்துக்காகக் கட்டிய காப்பு, இரண்டும் அதில் இருக்கிறது.

மு.

*

மு. எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். கருத்தில் எனக்கு மறுப்பில்லை. சொல்லில் உண்டு.

வேடம் + காப்பு: மவ்வீறு ஒற்றழிந்து வல்லினம் மிக்கது. புணர்ச்சி சரி. ஆனால் வேடம், வேஷம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கோலம் இருக்க அது எதற்கு? கோலக்காப்பு என்க. மேலும் வேடக்காப்பு என்றதும் வேடன், வேட்டை என்று மனம் காட்டுக்குப் போகும்.

செ.

*

வேடம் வடசொல் என்று யார் சொன்னது? வேய்தல், அணிதல். மாலை வேய்ந்தான், முடி வேய்ந்தான். அந்த வேயிலிருந்து கிளைத்ததே வேடம். வடக்கே போய் வேஷமாகித் திரும்பியது. இதற்கும் என்னிடம் அட்டை இருக்கிறது.

த.

*

செ. ஐயா, கோலக்காப்பு என்று என் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு. வாசலில் போட்ட கோலத்தை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்வதா என்று கேட்டாள். வேடக்காப்பு என்றதும் ‘வேஷம் கலையாம பாத்துக்கிறதா?’ என்றாள். வாக்கு வேடக்காப்புக்கு.

ரா. (செட்டப்பைக் கைவிட்டேன்)

*

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுக்க ஐந்து பாகத்திலும் வேடக்காப்பைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லைவிட வினைதான் என்னைக் காப்பாற்றியது.

1996 கட்டிப்பிடிப்புக்கு: ‘அன்று வேடக்காப்பு அறுந்தது.’ ஒரே வரியில் அடங்கியது. படத்தில் கூட்டம் எழுந்து நிற்பதோடு பார்த்தால் எனக்கே சிலிர்த்தது.

ஆறாம் பாகம் 1999 மே 23, கான்சஸ் சிட்டி. ஓவன் ஹார்ட் அரங்கக் கூரையிலிருந்து கம்பியில் இறங்க வேண்டியவர், கொக்கி விடுபட்டு வளையத்தில் விழுந்து இறந்தார். அப்போது வீட்டில் பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விழுந்ததை அவர்கள் பார்க்கவில்லை. வருணனையாளர் ஜிம் ராஸ் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல. ஆண்டுக்கணக்கில் ‘இது உண்மை’ என்றே கத்தி வந்த குரல், உண்மையாகவே உண்மை வந்த இரவில் நம்ப வைக்கப் போராடுகிறது. இந்த இடத்தில் எந்தக் கலைச்சொல்லும் போடவில்லை. அவர் சொன்னதை மட்டும் மிகச் சாதாரணத் தமிழில் எழுதினேன். மூன்று முறை எழுதி அழித்தேன்.

மறுநாள் ரா நிகழ்ச்சி ஓவனுக்கு அஞ்சலி. வில்லனும் ஹீரோவும் சொந்த மனிதர்களாக நின்று அழுகிறார்கள். அங்கே ‘வேடக்காப்பை அவிழ்த்தார்கள்’ என்று எழுதினேன். அறுந்தது வேறு, அவிழ்த்தது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான் இருந்தது. மு. அவர்களே, உங்கள் காப்புதான் இந்த வேறுபாட்டைக் கொடுத்தது.

ஒரு இடம் மட்டும் தீரவில்லை. 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாமல் முடிவை மாற்றி, அவர் தோற்றதாக மணியடிக்கச் சொன்னார் முதலாளி வின்ஸ் மக்மேன். பிரெட் அவர் முகத்தில் துப்பினார். அதுவரை பெரும்பாலும் வருணனையாளராகவே திரையில் தெரிந்த மக்மேன், அந்த வெறுப்பையே பிடித்துக்கொண்டு நிகழ்ச்சியின் பெரிய வில்லன் ஆனார். இங்கே காப்பு அறுந்ததா, அவிழ்ந்ததா, இன்னும் இறுகியதா?

ந.

*

இறுகியது என்றுதான் சொல்வேன். ஊர்க் கட்டுப்பாட்டை வைத்தே ஒருவனைக் கட்டிப்போட்டார்கள். ஆனால் அதற்கு வினை என்னிடம் இல்லை.

மு.

*

தங்கச்சி, அந்த ஒரு இடத்தில பேய்க்காட்டல் பொருந்தும். பிரெட்டை உண்மையிலயே பேய்க்காட்டினவை. பார்த்த சனத்தை இல்லை.

இ.

*

இ. அண்ணா, பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு விளங்குமா என்ற தயக்கத்தில் அங்கே ‘ஏமாற்றினார்’ என்றே விட்டேன். மனம் ஒப்பவில்லை. கோப்பு 5:40க்குப் போய்விட்டது.

ந.

*

பெரும்பான்மை வேடக்காப்பு என்கிறது. இருக்கட்டும். குழுவின் சொற்பட்டியலில் அதன் எதிரே நாடக வழக்கு என்பதையும் என் பெயரில் பதிந்து வைக்குமாறு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆமூர் மல்லன் இழையைத் திங்கள் தொடங்குகிறேன்.

செ.